ஃபீண்ட், ஃபைண்ட், பேய்: பகைவனைக் குறிக்கும் ஒரு ஜெர்மானியச் சொல்லின் வேர்

மார்ச் 3 – இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

ஆங்கிலத்தில் ஃபீண்ட் என்றால் பேய், பிசாசு, கொடியவன் என்று பொருள். பகர ஒலி ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாக மாறும் என்பதை மொழியியலாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிதா ஃபாதர் ஆனதும், பாதம் ஃபுட் ஆனதும் அதனால்தானே? அப்படியானால் நம்முடைய பேய்தான் ஃபீண்ட் ஆகியிருக்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது? ஜெர்மன் படிக்கும் என் மகளோ அந்த மொழியில் ஃபைண்ட் என்றால் எதிரி என்கிறாள். அது இதில் எங்கே பொருந்துகிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மார்ச் 3, இரவு

உங்கள் மகள் சொன்னதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பழைய பொருளைக் காத்து வைத்திருப்பது ஜெர்மன்தான். ஃபீண்ட் என்ற ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் பேயைக் குறிக்கவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஃபேயொண்ட் என்று வழங்கியது. போர்க்களத்தில் எதிரே நிற்பவன், குடும்பப் பகையால் பழிவாங்கக் காத்திருப்பவன், நாட்டைத் தாக்க வருபவன் ஆகிய மனிதப் பகைவர்கள் அனைவருக்கும் அதுவே பொதுப்பெயராக இருந்தது. பிசாசு என்ற பொருள் கிறித்தவம் பரவிய பிறகு அதன்மேல் ஏறியது. பேய் என்ற தமிழ்ச் சொல்லோடு நீங்கள் காணும் பொருள் ஒற்றுமை இன்றைய ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல அந்த ஒற்றுமை குறைந்து, இறுதியில் இல்லாமலே போகிறது. இரண்டு சொற்கள் உண்மையான உறவினர் என்றால் பின்னோக்கிச் செல்லும்போது அவை நெருங்கி வர வேண்டும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். பிதா என்பது ஃபாதராக மாறவில்லை. சமஸ்கிருத வடிவமும் ஆங்கில வடிவமும் இரண்டுக்கும் முந்தைய, இந்தோ-ஐரோப்பியம் என்று அழைக்கப்படும் ஒரு மூலமொழியிலிருந்து தனித்தனியே வந்தவை. சமஸ்கிருதமும் லத்தீனும் பழைய பகரத்தைக் காத்தன, ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த ஜெர்மானியக் கிளை அதை ஃபகரமாக்கியது. இந்த ஒழுங்கை மொழியியலாளர் ராஸ்மஸ் ராஸ்க் 1818இல் சுட்டிக்காட்டினார். யாக்கோப் கிரிம் 1822இல் விரிவாக விதியாக வகுத்தார். அவ்விதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளுக்கு இடையே செல்லும். திராவிடக் குடும்பத்துச் சொல் ஒன்றை அந்த விதிக்குள் செலுத்துவதற்கு முன், அச்சொல் ஜெர்மானியர் வாய்க்கு எப்போது, யார் வழியாகப் போனது என்பதை முதலில் காட்ட வேண்டும்.

மார்ச் 4

குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களையும் பதிந்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். ஜெர்மனில் ஃபைண்ட், டச்சில் வெய்யண்ட், சுவீடிய மொழியில் ஃபீயெண்டெ, பழைய நார்ஸில் ஃப்யாண்டி, பழைய சாக்சனில் ஃபீயுண்ட், பழைய மேட்டு ஜெர்மனில் ஃபீயண்ட், இன்று வழக்கிழந்த கோதிக் மொழியில் ஃபியண்ட்ஸ். வடக்கு, மேற்கு, கிழக்கு என்ற மூன்று ஜெர்மானியக் கிளைகளிலும் இச்சொல் இருக்கிறது. ஆகவே அவை பிரிவதற்கு முன்பே இது வழக்கில் இருந்திருக்க வேண்டும்.

மார்ச் 4, மாலை

கோதிக் வடிவத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும், இந்தச் சொல்லின் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். கோதிக்கில் ஃபியன் என்று ஒரு வினை இருந்தது. அதன் பொருள் வெறுத்தல். அதன் நிகழ்கால எச்ச வடிவம்தான் ஃபியண்ட்ஸ், அதாவது வெறுப்பவன். பழைய ஆங்கிலத்திலும் ஃபேயோகன் என்ற வினை வெறுத்தல் என்ற பொருளில் இருந்தது. இன்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அந்த வினை அழிந்துவிட்டது, வேறொரு வேரிலிருந்து வந்த ஹேட், ஹாசன் என்ற சொற்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. வினை மறைந்து பெயர் மட்டும் நின்றதால், இச்சொல்லுக்குள் வெறுத்தல் என்ற செயல் இருக்கிறது என்பதை ஆங்கிலம் பேசுவோரோ ஜெர்மன் பேசுவோரோ இன்று உணர முடியாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நமக்கு வினையாலணையும் பெயர் என்ற பாகுபாடு இருக்கிறது. செறு என்றால் சினத்தல், வெறுத்தல். செறுபவர் செறுநர். 'செறுநரைக் காணின் சுமக்க' என்ற குறளில் (488) அச்சொல் பகைவரைக் குறிக்கிறது. வெறுப்பவன் என்ற வினையாலணையும் பெயரே பகைவன் என்ற நிலையான பெயராக இறுகிவிடுவது இரு இடங்களிலும் நடந்திருக்கிறது. ஆனால் செறுநர் என்ற சொல்லுக்கும் ஃபியண்ட்ஸ் என்ற சொல்லுக்கும் பிறப்பு உறவு எதுவும் இல்லை, ஒரே வகையான சொல்லாக்கம் இருவேறு குடும்பங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் ஜெர்மன் கற்றுக்கொண்ட காலத்தில் ஃபைண்ட் என்ற சொல்லைப் பொருளோடு மனப்பாடம் செய்ததோடு நிறுத்திவிட்டேன். செறுநர் என்ற சொல்லின் அமைப்பைத் தமிழ் வகுப்பில் படித்திருந்ததால்தான் பிற்பாடு கோதிக் இலக்கணத்தின் அந்தப் பக்கத்தை வாசித்தபோது பொருள் சட்டென்று பிடிபட்டது.

இந்த வடிவம் செய்வினை எச்சம் என்பதையும் கவனிக்க வேண்டும். வெறுக்கப்படுபவன் என்பது இதன் பொருள் அல்ல. என்னை வெறுப்பவன் எவனோ அவனே என் பகைவன் என்கிறது சொல். என் உள்ளத்தில் அவன்மீது என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மார்ச் 6

ஒரு வாசகர் இந்தோ-ஐரோப்பிய வேர் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஃபீண்ட் என்ற சொல்லுக்கு மூலவேராகக் கொடுத்திருப்பதே ஏறத்தாழ 'பேய்' என்றுதான் ஒலிக்கிறது, இதற்கு என்ன பதில் என்று கேட்டிருக்கிறார். அவர் படித்தது சரி. யூலியுஸ் போக்கோர்னி 1959இல் வெளியிட்ட அகராதியில் புண்படுத்து, பழி, இழிவுசெய் என்ற பொருள்களோடு அந்த வேர் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தால் பேய் போலவே ஒலிக்கும். பார்த்தவுடன் யாருக்கும் ஒரு துள்ளல் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த வேருக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) இருப்பதைக் கவனியுங்கள். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் கிடைக்காத, மகள் மொழிகளை ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது. அங்கே இருக்கும் ஏகாரமும் யகரமும் ஒப்பீட்டின் முடிவுகள். சமஸ்கிருதத்தில் பீயதி என்ற வினை இகழ்கிறான், பழிக்கிறான் என்ற பொருளில் வேதமொழியில் வருகிறது. கிரேக்கத்தில் பேமா என்பது துன்பம், கேடு. ஜெர்மானியத்தில் வெறுத்தல். இவற்றையெல்லாம் ஒருசேர விளக்கக்கூடிய வடிவம் என்ன என்று கணக்கிட்டதில் வந்தது அந்த வேர். பொறுத்தல், துன்புறுதல் என்று பொருள்படும் லத்தீன் பாத்தியோர் என்ற வினையையும் சிலர் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள், ஆனால் அந்த இணைப்பு மற்றவற்றைப் போல உறுதியானதாக எனக்குத் தோன்றவில்லை.

தமிழ்ப் பேய்க்குத் தன்னுடைய குடும்பம் இருக்கிறது. மலையாளம், கன்னடம், துளு ஆகியவற்றில் அதற்கு உறவுச் சொற்கள் உண்டு. சங்கப் பாடல்களில் அது பேஎய் என்று அளபெடையோடு வருகிறது. 'பேம் நாம் உரும் என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள' என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. அந்த அச்சப் பொருள் கொண்ட பேம் என்ற சொல்லையும் பேயையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இடமிருக்கிறது. ஒரு பக்கம் அச்சம், மறுபக்கம் இகழ்ச்சியும் வெறுப்பும் என்று இரு சொற்களும் தொடக்கத்திலேயே வேறு வேறு இடத்தில் நிற்கின்றன. ஓரசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கற்பிக்கத் தொடங்கினால் உலகில் எந்த இரு மொழிகளையும் சேர்த்துவிடலாம். தமிழின் தொன்மையில் எனக்கு இருக்கும் மதிப்பு இப்படிப்பட்ட இணைப்புகளால் கூடுவதில்லை.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதில் ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று பிறகு தோன்றியது. ஃபீண்ட் என்ற சொல்லில் நாம் எல்லோரும் முன்பகுதியையே பார்க்கிறோம், ஆனால் அதன் பிறப்பைச் சொல்வது வால்பகுதிதான். இறுதியில் நிற்கும் 'ண்ட்' என்பது இந்தோ-ஐரோப்பிய நிகழ்கால எச்ச விகுதி. லத்தீன் ஃபெரெந்த்-, கிரேக்க ஃபெரொந்த்-, சமஸ்கிருத பரந்த்-, கோதிக் பைரண்ட்ஸ் ஆகிய நான்குக்கும் சுமப்பவன் என்றே பொருள், நான்கிலும் அதே விகுதிதான். பேய் என்ற சொல்லை மூலமாகக் கொள்பவர்கள் இந்த விகுதி எங்கிருந்து வந்து ஒட்டியது என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

அதே விகுதி ஒளிந்திருக்கும் வேறு சில பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். காற்றைக் குறிக்கும் ஆங்கில விண்ட், வீசுவது என்ற பொருளில் அமைந்தது. ஜெர்மனில் இயேசுவைக் குறிக்கும் ஹைலண்ட் என்பதற்குக் குணமாக்குபவர், மீட்பவர் என்று பொருள். சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த தந்தம், லத்தீன் தென்ஸ், ஆங்கில டூத் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் வடிவங்கள். உண்பது என்ற எச்ச வடிவமே பல்லுக்குப் பெயரானது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

மார்ச் 8

ஃபிரெண்ட் என்பதும் இதே அமைப்பா என்ற கேள்வி வருமென்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. ஆம், அச்சில் வார்த்ததுபோல் அதே அமைப்புதான். கோதிக்கில் ஃப்ரியோன் என்றால் அன்பு செய்தல், ஃப்ரியோண்ட்ஸ் என்றால் அன்பு செய்பவன். பழைய ஆங்கிலத்தில் ஃபிரேயொண்ட், இன்றைய ஜெர்மனில் ஃபிராய்ண்ட். வெறுப்பவன் பகைவன், விரும்புபவன் நண்பன் என்று இரு சொற்களும் இரட்டையாகவே பிறந்து, ஒரே மாதிரி வேற்றுமை ஏற்று, கவிதையில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. ஜெர்மனில் இன்றும் 'ஃபிராய்ண்ட் உண்ட் ஃபைண்ட்' என்ற தொடர் வேண்டியவர் வேண்டாதவர் அனைவரும் என்ற பொருளில் வழங்குகிறது.

கேள்வி கேட்ட முதல் வாசகர் தமிழோடு ஒரு தொடர்பைத் தேடினார். உண்மையான தொடர்பு இங்கே இருக்கிறது. அன்பு செய்தல் என்ற அந்த வினையின் வேரிலிருந்து வந்ததே சமஸ்கிருத ப்ரிய. அதைத்தான் நாம் கடனாக வாங்கிப் பிரியம் என்கிறோம், பிரியா என்று பெயர் வைக்கிறோம். ஆங்கில ஃபிரெண்ட், சுதந்திரத்தைக் குறிக்கும் ஃபிரீ, வெள்ளிக்கிழமைக்குப் பெயர் தந்த ஃபிரிக் என்ற தெய்வத்தின் பெயர் ஆகியவை எல்லாம் அந்த வேரின் கிளைகள். பகரம் ஃபகரமான விதி இங்கே எந்த இடரும் இல்லாமல் பொருந்துகிறது, பொருளும் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருகிறது. பேய் விஷயத்தில் கிடைக்காத இரண்டும் பிரியத்தில் கிடைக்கின்றன.

மார்ச் 9

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சியாக. வுல்ஃபிலா என்ற ஆயர் 4ஆம் நூற்றாண்டில் கோத்தியருக்காக எழுத்து வகுத்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். அதன் நற்செய்திப் பகுதி 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதா நிறத் தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதப்பட்ட ஒரு சுவடியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் அது இருக்கிறது. அதற்குரிய ஓர் ஏடு மட்டும் 1970இல் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் தனியாகக் கண்டெடுக்கப்பட்டது.

அந்தச் சுவடியில் மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் 43, 44ஆம் வசனங்கள் இருக்கின்றன. பகைவனை வெறுப்பாயாக என்று முன்னோருக்குச் சொல்லப்பட்டதை 'ஃபியைஸ் ஃபியண்ட்' என்று வுல்ஃபிலா எழுதுகிறார், அதாவது வெறுப்பவனை வெறு. வினையும் பெயரும் ஒரே வேர். அடுத்த வசனத்தில் இயேசுவின் கட்டளை 'ஃப்ரியோத் ஃபியண்ட்ஸ்' என்று வருகிறது. இங்கே வினை ஃபிரெண்டின் வேர், பெயர் ஃபீண்டின் வேர். வெறுப்பவரை விரும்புங்கள் என்ற கட்டளையில் அந்த இரட்டைச் சொற்களின் இரு வேர்களும் நேருக்கு நேர் நிற்கின்றன. கிரேக்க மூலத்தில் பகைவரைக் குறிக்கும் சொல்லும் அன்பைக் குறிக்கும் வினையும் இப்படி அமையவில்லை. கோதிக் மொழி தானாகக் கொடுத்த கொடை இது. நான் இந்த வரியை வாசித்த நாளிலிருந்து ஃபைண்ட் என்ற சொல்லை வெறும் அகராதிப் பொருளாகப் பார்க்க முடிந்ததில்லை.

மார்ச் 12

பகைவன் எப்படிப் பேயானான் என்று விளக்கும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள். முன்பு ஒரு வரியில் கடந்துவிட்டேன், இப்போது விரிவாக எழுதுகிறேன்.

சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கே எதிராளி, வழக்கில் எதிர்த்து நிற்பவன் என்றுதான் பொருள். களைகளைப் பற்றிய உவமையில் அவற்றை விதைத்த பகைவன் பிசாசு என்று மத்தேயு 13ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. இதைப் பின்பற்றி லத்தீன் சமய எழுத்தாளர்கள் சாத்தானைப் 'பழைய பகைவன்' என்று அழைக்கும் மரபை வளர்த்தார்கள். அதைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் பகைவனுக்குத் தம்மிடம் இருந்த இயல்பான சொல்லான ஃபேயொண்டைப் பயன்படுத்தினார்கள். மனித குலத்தின் பகைவன், நரகத்தின் பகைவன் என்று அடைமொழியோடு வந்த சொல், நாளடைவில் அடைமொழி இல்லாமலே அவனைக் குறிக்கத் தொடங்கியது.

பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் இந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். கிரெண்டல் என்ற கொடிய உயிரியை 101ஆம் அடியில் 'ஃபேயொண்ட் ஆன் ஹெல்லெ', நரகத்துப் பகைவன், என்று கவிஞர் சொல்கிறார். 164ஆம் அடியில் அதே கிரெண்டல் மனித குலத்தின் பகைவன். ஆனால் அதே காவியத்தில் சாதாரண மனிதப் பகைவர்களுக்கும் அதே சொல்தான். இரு பொருளும் ஒரே சொல்லுக்குள் அப்போது நெருடல் இல்லாமல் வாழ்ந்திருக்கின்றன.

மார்ச் 12, இரவு

ஆனால் மேலே சொன்னது பாதி விளக்கம்தான். சாத்தானைப் பகைவன் என்று அழைக்கும் மரபு ஜெர்மனிலும் உண்டு. ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் புகழ்பெற்ற பாடலில் சாத்தான் பழைய, தீய ஃபைண்டாகத்தான் வருகிறான். இருந்தும் ஜெர்மனில் அச்சொல் மனிதப் பகைவனைக் கைவிடவில்லை. மதத்தின் செல்வாக்கு மட்டுமே காரணம் என்றால் இரு மொழிகளிலும் ஒரே முடிவு வந்திருக்க வேண்டும்.

என் கருத்தில், மனிதப் பகைவனைக் குறிக்க வேறொரு சொல் வந்து அமர்ந்ததா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது. 1066இல் இங்கிலாந்தை வென்ற, பிரெஞ்சு பேசிய நார்மானியரின் ஆட்சியில் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் பெருகின. அவற்றோடு வந்ததுதான் எனெமி. லத்தீன் இனிமிகுஸ், அதாவது நண்பன் அல்லாதவன் என்பது அதன் மூலம். அது மனிதப் பகைவனை எடுத்துக்கொண்டது, ஃபீண்டுக்குப் பிசாசு மட்டும் மிஞ்சியது. மத்தேயு 5:44இன் ஆங்கில மொழிபெயர்ப்புகளை வரிசையாக வைத்தால் இது தெளிவாகும். பழைய ஆங்கில நற்செய்தியில் பகைவர் என்பதற்கு ஃபேயொண்டின் பன்மையான ஃப்யூண்ட் வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிஃப் பெயரால் வழங்கும் விவிலியத்தில் அந்த இடத்தில் எனெமி வந்துவிட்டது. லூதர் 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டிலோ ஃபைண்ட் அசையாமல் இருக்கிறது.

ஐஸ்லாந்து மொழி இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. அங்கே பகைவனுக்கு இன்று ஓவினுர் என்பதே வழக்கமான சொல், நண்பனைக் குறிக்கும் வினுர் என்பதன் எதிர்மறை அது. ஃப்யாண்டி என்பது பிசாசைக் குறித்து, வசவிலும் புகுந்துவிட்டது. பிரெஞ்சுப் படையெடுப்பு எதுவும் இல்லாத தீவில், உள்ளூர்ச் சொல் ஒன்றே எனெமி செய்த வேலையைச் செய்து, பழைய சொல்லை நரகத்துக்குத் தள்ளியிருக்கிறது. சுவீடிய மொழியில் நண்பன் அல்லாதவன் என்ற அமைப்பில் ஊவேன் என்ற சொல் இருந்தாலும் அது தனிப்பட்ட மனத்தாங்கலோடு நின்றுவிட்டது, ஆகவே ஃபீயெண்டெ தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

நண்பன் அல்லாதவன் என்று எதிர்மறையால் பகைவனைச் சுட்டுவது நமக்கும் பழக்கம். நண்ணார், ஒன்னார் என்ற இரண்டும் அப்படி அமைந்தவையே.

மார்ச் 13

ஃபீண்ட், ஃபிரெண்ட் இரண்டும் இரட்டைச் சொற்கள் என்றால் ஒன்று நெடிலாகவும் மற்றது குறிலாகவும் ஒலிப்பது ஏன் என்று ஒருவர் கேட்கிறார். எழுத்தில் இரண்டும் இன்றும் ஒத்தே இருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நெடிலே. பின்னர் ஃபிரெண்ட்லி, ஃபிரெண்ட்ஷிப் போன்ற வடிவங்களில் மெய்கள் அடுத்தடுத்து நின்றதால் உயிர் குறுகியது. அவை பெருவழக்காக இருந்ததால் அந்தக் குறுக்கம் அடிச்சொல்லுக்கும் பரவியது என்பது பொதுவான விளக்கம். ஜெர்மனில் ஈகாரம் ஐகாரமானதற்குக் காரணம் வேறு. 'என்னுடைய' என்று பொருள்படும் பழைய மீன் என்பது மைன் ஆனதும், திராட்சை மதுவைக் குறிக்கும் வீன் என்பது வைன் ஆனதும் அதே மாற்றத்தால்தான். டச்சு வெய்யண்ட் இன்னும் ஈரசையாக நின்று, எச்ச விகுதியைக் காதால் கேட்கும்படி வைத்திருக்கிறது.

மார்ச் 15

சுவீடனில் பணிபுரியும் ஒரு வாசகர், அங்கே எல்லோரும் வசவாகச் சொல்லும் ஃபான் என்ற சொல்லும் பிசாசைக் குறிப்பதால் அதுவும் ஃபீண்டின் சுருக்கமே என்று எழுதியிருக்கிறார். அப்படி நினைக்கத் தோன்றும், ஆனால் வழக்கமான விளக்கம் வேறு. டேனிய மொழியில் அதன் முழு வடிவம் ஃபேனன் என்று ஒலிக்கிறது. சோதித்தல், தூண்டுதல் என்று பொருள்படும் ஃபிரீசிய மொழி வினை ஒன்றின் எச்ச வடிவத்தோடு அதை இணைக்கிறார்கள். சோதிப்பவன் என்பது பொருள். இதிலும் பிசாசுக்குப் பெயர் வைத்தது ஒரு வினையாலணையும் பெயர்தான் என்றாலும், வேர் வேறு. ஒரே பொருள், ஏறத்தாழ ஒரே ஒலி, ஒரே நாடு என்று எல்லாம் கூடிவந்தும் உறவு கிடையாது என்றால், ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருக்கும் பேயைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கை தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 18

தமிழ் விவிலியத்தில் அதே வசனம் 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்று இருப்பதை நினைவூட்டிய வாசகருக்கு நன்றி. சத்துரு நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த சொல். அதற்கும் ஜெர்மானியத்தில் உறவு உண்டு என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், எல்லோரும் ஏற்கவில்லை. போர் என்று பொருள்படும் ஹது என்ற பழைய ஜெர்மானியச் சொல், அதே பொருளுடைய பழைய ஐரிஷ் கத் ஆகியவற்றோடு சத்துருவை அவர்கள் சேர்க்கிறார்கள். ஹது என்ற சொல் தனியாக வழக்கிழந்துவிட்டது, பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்விக் என்ற பெண் பெயரின் முன்பாதி அதுதான். பின்பாதிக்கும் போர் என்றே பொருள்.

அதே போல, லத்தீனில் ஹொஸ்திஸ் என்றால் பகைவன், ஆனால் அதன் ஜெர்மானிய உறவுகளான ஆங்கில கெஸ்ட், ஜெர்மன் காஸ்ட் என்பவற்றுக்கு விருந்தினர் என்று பொருள். வெளியிலிருந்து வந்தவன் என்பதே மூலக் கருத்து. முன்னோர் காலத்தில் ஹொஸ்திஸ் என்பது அயலானை மட்டுமே குறித்தது என்று ரோம எழுத்தாளர் சிசரோவே எழுதியிருக்கிறார். ரோமர் அயலானைப் பகைவனாக்கினார்கள், ஜெர்மானியர் அவனை வீட்டுக்குள் அழைத்தார்கள் என்று இதை வைத்து இனக் குணம் பேசுவோரைக் கண்டிருக்கிறேன். லத்தீனில் விருந்தினரைக் குறிக்கும் ஹொஸ்பெஸ் என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது என்பதால் அந்தப் பேச்சு நிற்காது.

மார்ச் 21

பகைவனைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லான ஃபோ, ஃபீண்டின் குறுகிய வடிவமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. இல்லை, அது தனி வேர். பழைய ஆங்கிலத்தில் ஃபாஹ் என்றால் பகைமை கொண்ட என்று பொருள். சமஸ்கிருதத்தில் கோள் சொல்பவனைக் குறிக்கும் பிசுன, லித்துவேனிய மொழியில் கோபத்தையும் தீமையையும் குறிக்கும் பிக்தஸ் ஆகியவை அதன் உறவுகளாகக் கொள்ளப்படுகின்றன. தலைமுறைப் பகையைக் குறிக்கும் ஜெர்மன் ஃபேடெ, ஆங்கில ஃபியூட் ஆகியவையும் இந்த ஃபோவின் குடும்பமே. ஆங்கில வடிவம் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. நிலமானியத்தைக் குறிக்கும் ஃபியூடல் என்ற சொல்லை இதோடு கலக்க வேண்டாம். அதன் மூலத்தில் கால்நடை, செல்வம் என்று பொருள்படும் ஃபெஹு இருக்கிறது என்பதே வலுவான கருத்து, அந்த ஃபெஹுவின் சமஸ்கிருத உறவுதான் பசு.